வானொலிப் பெருக்கிக்கு எந்த டிரான்சிஸ்டர்?

அமெச்சூர் வானொலி அன்பர்கள் வெளியிடும் மின்சுற்றுகள் பலவற்றில், 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கவேண்டிய பெருக்கியின் இறுதிக் கட்டத்தில் ஐ.ஆர்.எஃப். 510 இடம்பெறுகிறது. 100 வோல்ட், 5.6 ஆம்பியர் தாங்கும், விலையும் மலிவு. இவற்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியன்று. இது ஸ்விட்ச் வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இதன் உள்ளீட்டு மின்தேக்குத்திறன் சுமார் 180 பிக்கோஃபாரட். 3 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 295 ஓம். 30 மெகாஹெர்ட்ஸிலோ 29.5 ஓம்தான்! அலைவெண் ஏற ஏறப் பெருக்கம் சரிகிறது. கேட்டுக்கு இணையாகச் சிறு மின்தடை வைத்துச் சமன்செய்யலாம்; அதற்கு விலை, கீழ் அலைவெண்களில் கிடைக்கும் பெருக்கம். ஒரே அலைவரிசைக்கு எனில் இசைவுச் சுற்றுடன் இதுவே போதும். அகன்ற பட்டைக்கு ஆர்.டி. 16 எச்.எச்.எஃப். 1 போன்ற வானொலி டிரான்சிஸ்டரே ஏற்றது: 12.5 வோல்ட்டில், 30 மெகாஹெர்ட்ஸில் 16 வாட். ஒரே அலைவெண்ணில் கிடைத்த வாட்டை மட்டும் எழுதி முடிக்கும் கட்டுரையை நம்பி மாணவர் காசைச் செலவிடவேண்டாம்.