பெரிய நிலாவும் சிறிய நிலாவும்

2016-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி சாயங்காலம் நானும் காமிராவும் கையுமாக மொட்டை மாடியில் நின்றேன். 1948-க்குப் பிறகு பௌர்ணமி நிலா பூமிக்கு இவ்வளவு அருகில் வந்ததில்லை, இனி 2034-ல்தான் இதைவிட நெருங்கும் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. தூரம் 3,56,509 கிலோமீட்டர். தென்னை மரங்களுக்கு மேலே நிலா தாம்பாளம் போல எழுந்தது. ஒரு டஜன் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் கறுப்புத் துணியில் தைத்த சட்டைப் பொத்தான் ஒன்றுதான் இருந்தது. “தெருவிளக்கை எதற்கு இத்தனை தடவை எடுத்தீர்கள்?” என்று கேட்டாள் என் மனைவி.

காமிராவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகம் நிலாவை மறைத்துவிடும். அதன் அளவு அவ்வளவுதான். மிகத் தொலைவில் இருக்கும் பௌர்ணமியைவிட மிக அருகில் வரும் பௌர்ணமி ஏழில் ஒரு பங்குதான் பெரிது. அடிவானத்தில் அதைத் தாம்பாளமாக்குவது நம் மனசு. காமிராவுக்கு மனசு கிடையாது.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸ் எடுத்த ‘ஹெர்னாண்டஸில் நிலா உதயம்’ என்ற படத்தைச் சரியாகப் பார்த்தேன். நியூ மெக்ஸிகோவில் ஒரு சிறு கிராமம். மண் வீடுகள், ஒரு சர்ச், கல்லறைச் சிலுவைகள். பின்னால் பனி மலை. மேலே பிரம்மாண்டமான கறுத்த வானம். அதில் நிலா எவ்வளவு சிறியது! முழு நிலாகூட அல்ல. பௌர்ணமிக்கு முந்திய நாட்களின் நிலா. ஆனாலும் பார்த்தவுடன் கண் அங்கேதான் போய் நிற்கிறது.

1941-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி மாலை, வண்டியில் போய்க்கொண்டிருந்த ஆடம்ஸ் அவசரமாக இறங்கிக் காமிராவை நிறுத்தினார். வெளிச்சத்தை அளக்கும் கருவி அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் இவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்தது; அதைக் கொண்டு கணக்குப் போட்டார். நிலா வெயிலில் கிடக்கும் பாறை என்பதை அவர் மறக்கவில்லை. நான் அதை விளக்கென்று நினைத்தேன். ஒரே ஒரு படம். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

எனக்கு அந்தப் படத்தின் உயிர் அந்தக் கடைசி வெயிலில்தான் இருக்கிறது. கீழே மனிதர்கள் புதைந்த இடம் ஒரு கணம் வெளுத்துத் தெரிகிறது. மேலே எதையும் பொருட்படுத்தாமல் நிலா ஏறுகிறது. நிலாவைப் பெரிதாக்கியது அந்தச் சிலுவைகள்.

இதில் ஒரு ஆட்சேபம் உண்டு. அன்று வானம் அவ்வளவு கறுப்பாக இல்லை. ஆரம்பகாலப் பிரதிகளில் மேகக் கீற்றுகள் தெரிகின்றன. 1948-ல் மூல நெகடிவின் கீழ்ப்பகுதிக்கு ரசாயனத்தால் வலுவூட்டினார். பிறகு பிரதி போடப் போட வானத்தைக் கறுக்க வைத்துக்கொண்டே போனார். இது பொய்யில்லையா? பிற்காலப் பிரதிகள் சிலவற்றில் நாடக மேடையின் சாயல் ஒரு மாத்திரை கூடுதல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மேகத்தை அடக்கினார். நிலாவை ஊதிப் பெருக்கவில்லை. வேறெங்கோ எடுத்த பெரிய நிலாவைக் கோபுரத்தின் தலையில் ஒட்டிவைத்து இப்போது வரும் படங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இருப்பதில் சிலதை விலக்குவது கலை. இல்லாததைத் திணிப்பது வியாபாரம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. அச்சுக்குப் போகவிருந்த என் நாவலில், தாயைச் சுட்டுவிட்டுத் திரும்பும் ஒருவன் தலைக்கு மேல் வண்டிச் சக்கரத்தளவு நிலாவை ஏற்றியிருந்தேன். துக்கம் போதாதோ என்ற பயம்தான் காரணம். அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது அவன் கையில் ஈரத் துண்டு இருக்கிறது; நிலாவும் இருக்கிறது, சின்னதாக.