கருதுகோள் என்னும் சடங்கு: தென்சென்னை ஆய்வு நிறுவனங்கள் காட்டும் முறைப் பன்மை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் ‘கருதுகோள்’ என்னும் உட்தலைப்பு இன்று ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது. அறிவியல் முறை ஒன்றே, அது கருதுகோளில் தொடங்கி மெய்ப்பித்தலில் முடிவது என்னும் எண்ணமே இவ்வழக்கத்தின் அடிப்படை. இயற்கை அறிவியலிலும் பொருளியலிலும் ஆய்வு உண்மையில் அவ்வாறுதான் நடைபெறுகிறதா என்பதை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கருதுகோள், ஆய்வு நெறிமுறை, கள ஆய்வு, நிறுவல், மறு ஆய்வு, தொடரடைவு.

1. சிக்கல்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த குஜிலிப் பதிப்புகளின் சொற்களைத் தொகுத்து அடைவு செய்ய விரும்பினார். அவருடைய ஆய்வுத்திட்டத்தைப் பல்கலைக்கழகக் குழு ஒன்று ‘கருதுகோள் இல்லை’ என்னும் குறிப்புடன் திருப்பி அனுப்பியது. “குஜிலிப் பதிப்புகளில் மக்கள் வழக்குச் சொற்கள் மிகுதியாக இடம்பெற்றுள்ளன என்பது இவ்வாய்வின் கருதுகோளாகும்” என்னும் ஒரு தொடரைச் சேர்த்து மாணவர் மீண்டும் அனுப்பினார். திட்டம் ஏற்கப்பட்டது. இத்தொடர் எவ்வகையில் பொய்யாகக்கூடும் என்று குழுவில் எவரும் வினவவில்லை. ஆய்வேட்டின் இறுதியில் அக்கருதுகோள் ‘மெய்ப்பிக்கப்பட்டது’. பொய்யாக முடியாத ஒன்றை மெய்ப்பிப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்னும் ஐயம் அன்று முதல் என்னை விடவில்லை.

நம் துறைகளில் பயிலப்படும் ஆய்வு நெறிமுறை நூல்கள் பலவும் இக்கட்டாயத்துக்கு ஒரே காரணத்தைக் கூறுகின்றன. அறிவியலார் இவ்வாறுதான் ஆய்கின்றனர், நாமும் அவ்வாறே ஆய்ந்தால்தான் தமிழாய்வு அறிவியல் தகுதி பெறும் என்பதே அது. எனவே அறிவியலார் என்ன செய்கின்றனர் என்பதைப் பார்த்தாக வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள தரமணி வளாகத்திலேயே கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்பது வேறு வினா.

2. நிறுவலும் சோதனையும்

கணித அறிவியல் நிறுவனம் மயிலாப்பூர் வீடொன்றில் கருக்கொண்டது. அல்லாடி ராமகிருஷ்ணன் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாசத்தில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை நடத்திவந்தார். 1960இல் நீல்ஸ் போர் அங்கு வந்தார். 1962 ஜனவரி 3ஆம் நாள் நிறுவனம் முறையாகத் தொடங்கப்பட்டது. சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய, இன்று சென்னை கணிதவியல் கழகம் எனப்படும் அமைப்பும் 2005இல் சிறுசேரிக்குப் பெயரும் வரை தியாகராய நகரின் ஜி. என். செட்டி சாலையில், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நடுவில் இயங்கியது. ஆய்வுக்கூடக் கருவிகள் எவையும் தேவைப்படாத ஆய்வு என்பதாலேயே ஒரு வீட்டுக் கூடமும் ஒரு வணிகத் தெருவும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

அங்கு எது சான்றாகக் கொள்ளப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 19 நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று எட்வர்டு வேரிங் 1770இல் கூறினார். பின்னாளில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய ஆர். பாலசுப்பிரமணியன், பிரெஞ்சுக் கணிதர் இருவருடன் இணைந்து 1986இல் இதனை நிறுவினார். 19க்குக் குறைந்தால் போதாது என்பதை எவரும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். 79 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்றின் நான்காம் அடுக்கு 81, அது பெரிது. ஆகவே 16களும் 1களும் மட்டுமே உதவும். நான்கு 16களும் பதினைந்து 1களும் சேர்ந்தால் 79. மொத்தம் 19. ஓர் எண்ணே இதற்குப் போதும். ஆனால் எல்லா எண்ணுக்கும் 19 போதும் என்பதைக் கோடி எண்களைச் சோதித்தும் சொல்லிவிட முடியாது, நிறுவல் வேண்டும். அந்நிறுவலுக்கு 200 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் ஆய்வேடுகளில் ‘நிறுவப்படுகிறது’ என்னும் சொல், பத்து மேற்கோள்களுக்குப் பின் எளிதாக வந்து விழுவதை நினைத்தால் சற்றே கூச்சம் உண்டாகிறது.

இனி ஆய்வுக்கூடம். 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் அடுத்தடுத்து அமைந்தவை. 1952இல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்காமலிருக்கிறது என்று அங்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால் கூறினார். தோலின் முதன்மைப் புரதம் கொலாஜன்; அண்டை நிறுவனமோ தோலுக்கென்றே அமைந்தது. தேவைப்பட்ட மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு, கொலாஜன் மூன்று இழைகளாலான சுருள் என்னும் மாதிரியை 1954இல் வெளியிட்டனர்.

இங்கே இருப்பது உண்மையான கருதுகோள். எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து அமைப்பு தானாக வெளிப்பட்டுவிடாது. அமைப்பை ஊகித்து, அது தரவேண்டிய படத்தைக் கணித்து, கிடைத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். ஊகம் தவறலாம். ஒரு பகுதி தவறவும் செய்தது. ராமச்சந்திரன் திருத்தி அமைத்த மாதிரியில் அணுக்கள் சில ஒன்றுக்கொன்று இருக்கக்கூடாத அளவு நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறைகூறினர். அப்படியாயின் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? இவ்வினாவுக்கு விடைகாண, அதுவரை அறியப்பட்டிருந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையே அமையும் தொலைவுகளை ராமச்சந்திரன் குழுவினர் முறையாகத் தொகுத்தனர். அத்தொகுப்பின் வழியே பிறந்ததுதான் 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். புரத அமைப்புகளின் சரிமையைப் பார்க்க இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் நமக்கு உரியவை. கருதுகோள் மதிப்புப் பெற்றது, அது தோற்கக்கூடியதாக இருந்ததால். தோல்வியின் பின் கைகொடுத்ததோ, எந்தக் கருதுகோளும் முன்நில்லாத ஒரு தொகுப்பு வேலை. நான் படித்த தமிழ் ஆய்வேடுகளில் கருதுகோள் தோற்றதாக ஒன்றையும் கண்டதில்லை. அத்தனை கருதுகோள்களும் வெல்லும் துறை எதுவாயினும், அங்கே ஏதோ சரியில்லை.

3. காந்தி நகரின் பொருளியல்

மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறு காந்தி நகரில் உள்ளது. பொருளியலை ஒரே முறையுடைய துறை என எண்ணுவோர் அங்கு நிகழ்ந்த ஆய்வுகள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, ஊர் ஆய்வு. இதன் வேர் அந்நிறுவனத்துக்கு முந்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். நிலம், கூலி, கடன், உணவு, சாதி என எல்லாவற்றையும் அவர்கள் குறித்துவந்தனர். அத்தொகுப்பு 1918இல் நூலாயிற்று. பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37இல் அவ்வூர்களை மீண்டும் ஆய்ந்தனர். அவற்றுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் 1980களின் தொடக்கத்தில் திரும்பினர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரின் மறு ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறாண்டு ஒரே ஊர் பார்க்கப்பட்டிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் மறு சோதனை முந்தைய முடிவையே தரவேண்டும்; தராவிடில் யாரோ தவறியிருக்கிறார்கள். ஊர் மறு ஆய்விலோ முந்தைய முடிவு மாறியிருப்பதே கண்டுபிடிப்பு. 1916இல் குறித்த கூலியும் பண்ணையாள் முறையும் இன்று அங்கில்லை என்பதால் ஸ்லேட்டரின் மாணவர் தவறியவர் ஆகமாட்டார். அவர் எழுதிவைத்திராவிடில் மாற்றத்தை அளக்கவே இயலாது. ‘மறு ஆய்வு’ என்னும் ஒரே சொல் இரு துறைகளில் நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஒரு கருதுகோளை மட்டும் மெய்ப்பிக்க அம்மாணவர் ஊருக்குச் சென்றிருந்தால், அதற்கு வேண்டியவற்றை மட்டுமே குறித்துக்கொண்டு திரும்பியிருப்பார். பின்வந்த தலைமுறைகள் அவரிடம் கேட்ட வினாக்களுக்கு விடை இருந்திராது.

மற்றொன்று, வறுமையை அளக்கும் முறை பற்றிய ஆய்வு. அமர்த்தியா சென் 1976இல் தொடங்கிவைத்த வழியில், இந்நிறுவனத்தின் எஸ். சுப்பிரமணியன் நெடுங்காலம் உழைத்த களம் இது. இங்கு ஊருக்குச் செல்லும் முன்பே வினா எழுந்துவிடுகிறது. ஓர் ஏழையின் வருமானம் மேலும் குறைந்தால் வறுமைக் குறியீடு உயர வேண்டும் என்பது எவரும் ஏற்கும் நிபந்தனை. ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோரின் விழுக்காடு என்னும், செய்தித்தாள்களில் நாள்தோறும் காணும் அளவு, இந்நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. கோட்டுக்குக் கீழிருப்பவர் இன்னும் கீழே போனாலும் எண்ணிக்கை அசையாது. இதைக் கண்டறியக் கள ஆய்வு தேவையில்லை; நிபந்தனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் கணிதரின் மனம் தேவை. ஆக, காந்தி நகரின் ஒரு பகுதி இருவேல்பட்டுக்கு அருகிலும் மற்றொரு பகுதி ஏகாம்ர நிவாசத்துக்கு அருகிலும் இருக்கிறது. பொருளியல், அறிவியல் என்று பிரிக்கும் கோடு இந்த உறவைக் காட்டுவதில்லை.

4. தமிழுக்கு அருகில் வந்த ஓர் ஆய்வு

சிந்துவெளிக் குறிகள் எழுத்தே அல்ல என்னும் வாதம் 2004இல் எழுந்தது. 2009இல் ராஜேஷ் ராவும் பிறரும் ‘சயன்ஸ்’ இதழில் அதற்கு எதிரான கட்டுரையை வெளியிட்டனர். ஆசிரியர்களுள் தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலர் ரணஜய் அதிகாரியும் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனும் இருந்தனர். ஒரு குறியை அடுத்து இன்ன குறி வரும் என்பதில் எவ்வளவு உறுதியின்மை இருக்கிறது என்பதை அளந்து, சங்கத் தமிழ் உள்ளிட்ட மொழிகளோடும் மரபணுத் தொடர் போன்ற மொழியல்லாதவற்றோடும் ஒப்பிட்டு, சிந்துவெளிக் குறிகள் மொழிகளின் பக்கம் நிற்கின்றன என்றனர். ஒப்பீட்டுக்கு எடுத்த மொழியல்லாத அமைப்புகளின் தேர்வு சரியில்லை என்று ரிச்சர்டு ஸ்புரோட் முதலிய மொழியியலாளர் கடுமையாக மறுத்தனர். அம்மறுப்பில் வலு உண்டு என்றே கருதுகிறேன். அளவு ஒத்திருப்பது மொழி என்பதற்கு ஒரு குறிப்பே தவிர நிறுவல் ஆகாது. தமிழ் மேடைகளில் இக்கட்டுரை ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று எடுத்தாளப்படும்போது, முன்சொன்ன 79இன் பாடம் நினைவுக்கு வரவேண்டும்.

எனினும் இவ்வாதத்தில் இரு தரப்பாரும் பேசுவதற்கு அடிப்படையாக அமைந்த ஒன்றைக் கவனிக்கவேண்டும். அளவீடு முழுவதும் மகாதேவன் 1977இல் வெளியிட்ட குறித்தொடரடைவின் மீது நிற்கிறது. 417 குறிகளை வகைப்படுத்தி, வரும் இடமெல்லாம் பட்டியலிட்ட நூல் அது. அதனை நம் குழுக்களுள் ஒன்றின் முன் ஆய்வுத்திட்டமாக வைத்திருந்தால், கருதுகோள் எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

5. ஒரே அளவுகோலின் விளைவுகள்

இது நெறிமுறை பற்றிய வறட்டு வாதமன்று. பதவியும் பட்டமும் இதில் அடங்கியுள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒரு கட்டுரைக்கு அறிவியல் புலத்தில் 8 மதிப்பெண், மொழி மற்றும் சமூக அறிவியல் புலங்களில் 10. புலங்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதை இவ்விரு மதிப்பெண் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்கிறது. இதழின் தாக்கக் காரணி உயர உயர மதிப்பெண்ணும் உயரும் என்னும் விதி எல்லாப் புலங்களுக்கும் பொது. தமிழில் வெளிவரும் இதழ்களுக்குப் பெரும்பாலும் அக்காரணியே இல்லை. மூவரோ அதற்கு மேற்பட்டோரோ எழுதினால் முதலாசிரியர் அல்லது பொறுப்பாசிரியருக்கு 70 விழுக்காடு, ஏனையோருக்கு 30. ஆய்வுக்கூடத்தில் பெயர் வரிசை பங்களிப்பைக் காட்டுவதால் இது பொருந்தும். கணிதத்தில் பெயர்கள் அகரவரிசையில் அமைவதே வழக்கம். பொருளியலிலும் பெரும்பாலும் அப்படியே. வேரிங் கணக்கை நிறுவிய மூவரில் பாலசுப்பிரமணியன் பெயர் முதலில் நிற்பது ஆங்கில நெடுங்கணக்கின் தயவால். முதலாசிரியர் என்று அவருக்கு 70 விழுக்காடு எழுதும் அலுவலர் எதை அளந்தவராவார்?

பதிப்பு, சொல்லடைவு, சுவடி விவரணை, கள அகராதி ஆகியவை நம் துறையின் படிக அமைப்புத் தொகுப்புகள். இவற்றைச் செய்ய வரும் மாணவர்கள், தலைப்பைக் கருதுகோளுக்கு ஏற்ப வளைத்து, ‘சமுதாயப் பார்வை’, ‘பன்முகப் பார்வை’ என்று எதையேனும் சேர்த்து எழுதிவிட்டு, செய்யவேண்டிய தொகுப்பைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிடுகின்றனர். நூலகங்களில் அவ்வேடுகளைப் புரட்டுவோர் நேரே பின்னிணைப்புக்குச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் அவ்வாறே செய்கிறேன்.

கருதுகோளே வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஒரு நூலின் காலம், ஒரு பாடலின் ஆசிரியர், ஓர் உரையின் மூலபாடம் பற்றிய ஆய்வுகளுக்குக் கருதுகோள் வேண்டும். அங்கே அது ராமச்சந்திரனின் மாதிரியைப் போல, எந்தச் சான்று கிடைத்தால் கைவிடப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தோற்றுப்போன கருதுகோளை நேர்மையாக எழுதும் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வில் மதிப்பு குறையக்கூடாது. ஏனைய ஆய்வுகளில் வேறு வினாக்கள் கேட்கப்பட வேண்டும். தொகுப்பாயின், எல்லை எவ்வாறு வரையறுக்கப்பட்டது, எது விடப்பட்டது, பின்வருவோர் சரிபார்க்க இயலுமா? இலக்கணக் கோட்பாடாயின், விதிகள் ஒன்றோடொன்று முரணாதிருக்கின்றனவா? கள ஆய்வாயின், இன்னொருவர் இருபது ஆண்டு கழித்து அதே ஊருக்குச் சென்று ஒப்பிடும்படி குறிப்புகள் உள்ளனவா? ஆய்வுத்திட்டப் படிவத்தில் ‘கருதுகோள்’ என்னும் கட்டத்தின் அருகே ‘அல்லது ஆய்வு வினாவும் சான்றின் தன்மையும்’ என்று சேர்த்தால் இவற்றுக்கு இடம் கிடைக்கும். இத்திருத்தத்தை அடுத்த பாடத்திட்டக் குழுவில் முன்மொழிவது நெறியாளர்களாகிய நம் கையில்தான் உள்ளது.