குப்பியின் பின்பக்கம்

ரெட்டினால் விளம்பரம் நம்மிடம் தமிழில் பேசுகிறது. இளமை, பொலிவு, சுருக்கமில்லாத முகம் என்று பெரிய எழுத்தில் சொல்கிறது. குப்பியைத் திருப்பினால் எச்சரிக்கை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. ஆசையை அவள் மொழியிலும் ஆபத்தை அவளுக்கு எட்டாத மொழியிலும் எழுதும் இந்தப் பிரதியைப் பெண்கள் வாசித்தாக வேண்டும்.

ரெட்டினால் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. தோலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்கள் புதுப்பிக்கப்படுவதை விரைவாக்குகிறது. கொலாஜன் உருவாகத் தூண்டுகிறது. மெல்லிய சுருக்கங்களும் வெயில் தந்த திட்டுகளும் மெல்ல மங்கும். முகப்பூச்சுச் சந்தையில் ஆய்வுச் சான்று உள்ள சில பொருட்களில் இது ஒன்று. வேலை செய்யும் பொருள் என்பதால் எச்சரிக்கைகளும் மெய்யானவை.

அவற்றைத் தமிழில் எழுதினால் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். இரவில் மட்டும் பூச வேண்டும். கழுவிய முகம் நன்றாக உலர்ந்தபின், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். கண்ணோரமும் உதட்டோரமும் வேண்டாம். குறைந்த அடர்த்தியில், வாரத்துக்கு இரண்டு இரவுகள் தொடங்கி, தோல் பழகியபின் கூட்டலாம். மேலே மாய்ஸ்சரைசர்; பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். முதல் வாரங்களில் தோல் வறண்டு லேசாக உரியலாம்; எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட வேண்டும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கருவுற்றவர்களும் கருவுற முயல்பவர்களும் பூசக் கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவில் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும். பூச்சு உடலுக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது என்றாலும் மருத்துவர்கள் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

சொல்லாமல் விட்டதன் விலையை நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே பார்க்கலாம். ரெட்டினாலைவிட வீரியமான ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு, மங்குக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தருவது. அது சிவப்பழகு கிரீமாகக் கைமாறி, மாதக்கணக்கில் பூசப்படுகிறது. தோல் மெலிகிறது, ரத்த நாளங்கள் தெரிகின்றன, முகத்தில் ரோமம் முளைக்கிறது, நிறுத்தினால் எரிகிறது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் இந்திய அரசு விதித்தது. கறுப்பைக் குறையென்று சொல்லும் மொழி இன்னும் ஓயவில்லை.

என்ன பூசப்படுகிறது என்று முழுதாகச் சொல்லப்படாத உடல்கள் இந்த மருந்தின் பிறப்பிலேயே இருக்கின்றன. அமெரிக்காவில், பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை கைதிகள்மீது சோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். ட்ரெட்டினாயினும் அங்கே சோதிக்கப்பட்டது. 1971இல் அது பருவுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. சுருக்கத்துக்கான சந்தை பிறகு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021இலும் நகர நிர்வாகம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன.

பூசுவதும் பூசாததும் அவரவர் விருப்பம். தெரிந்து எடுத்தால்தான் அது விருப்பம். விளம்பரம் எந்த மொழியில் வருகிறதோ, அதே மொழியில், படிக்கக்கூடிய அளவில் எச்சரிக்கையும் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த மகள் குப்பியின் பின்பக்கத்தை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டட்டும்.