குழலைக் கீழே வைத்தவர்

ஜார்ஜ் டவுனில் மூன்று வருடம் பாட்டு கற்றேன். சொல்லித்தந்தவர் பாதி சங்கதியோடு நிறுத்திவிடுவார். "மலேசியாப் பிள்ளைங்களுக்கு இது போதும்பா." வேலை கிடைத்ததும் நானும் விட்டுவிட்டேன்.

அதனால்தானோ என்னவோ, ஜான் ஹிக்கின்ஸ் பாடிய 'கிருஷ்ணா நீ பேகனே'யைக் கேட்டால், பாடும் அமெரிக்கரைவிட அவருக்குக் குருவாக இருந்தவரைத்தான் நினைக்கிறேன். டி. விஸ்வநாதன் (1927-2002), புல்லாங்குழல் கலைஞர். வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி.

கச்சேரி நடுவில் விஸ்வநாதன் குழலை இறக்கிவிட்டு அதே வரியைப் பாடுவார். குழல் கேட்க வந்தவருக்கு இது இடையூறாகத் தோன்றலாம். எனக்கு அது பாடம் எடுப்பதாகவே படுகிறது. குழலுக்குச் சொல் கிடையாது. சொல் தெரிந்தால்தான் எங்கே மூச்சு விடுவது, எங்கே இழுப்பது என்று புரியும். ஹிக்கின்ஸ் பாட்டில் ஒன்றிரண்டு எழுத்து அந்நியமாக ஒலிக்கும்தான். ஆனால் அவசரமே இல்லை. முழுசாக வாங்கிக்கொண்டவரின் நிதானம் அது.

1978இல் ஹிக்கின்ஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். விஸ்வநாதன் அங்கேதான் கற்பித்துக்கொண்டிருந்தார். மாணவர் சக ஊழியரானார். 1984 டிசம்பரில் சாலை விபத்தில் ஹிக்கின்ஸ் இறந்தார், வயது 45. விஸ்வநாதன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கே சொல்லிக்கொடுத்தார்.

குருவின் தாராளத்தை மாணவர் தொண்டையில்தான் கேட்க முடியும். என் தொண்டையில் பாதிதான் இருக்கிறது. மீதியைக் கேட்டு வாங்க நானும் முயலவில்லை என்பது இப்போது உறைக்கிறது. நேற்று ஷிப்ட் முடிந்து வந்து, போனில் சுருதியை மறுபடி போட்டேன்.