பொத்தான் விளக்கு

லாரா இங்கல்ஸ் வைல்டரின் முதல் நூல் 1932-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65. அதற்கு முன்பு டகோட்டா சமவெளியில், பதினாறு வயது நிரம்பும் முன்பே ஆசிரியர் சான்றிதழ் பெற்று, மூன்று நாட்டுப்புற ஒற்றையறைப் பள்ளிகளில் பாடம் சொன்னார். 1885-ல் அல்மான்ஸோ வைல்டரை மணந்தார். பிறந்த ஆண் குழந்தை இறந்தது, வீடு எரிந்தது, தொண்டை அடைப்பான் நோய்க்குப் பிறகு கணவரின் கால்கள் பழையபடி வரவில்லை. 1894-ல் மிசௌரி மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்து, கல்லும் மேடுமான 40 ஏக்கரில் ஆப்பிளும் கோழியும் கறவையுமாகப் பண்ணை கட்டினார்கள். இந்த வாழ்க்கையிலிருந்து 1943-க்குள் எட்டு நூல்கள் பிறந்தன. குடியேறிகளின் துணிச்சலைப் பாடிய காவியம் என்று அமெரிக்காவில் அவற்றைப் போற்றுவது வழக்கம். அந்தப் புகழ்ச்சி அவருடைய உண்மையான கலையைத் தவறவிடுகிறது என்பது என் எண்ணம். கை செய்கிற வேலையை, கை செய்கிற வரிசையிலேயே, ஒரு படிகூடத் தாண்டாமல் சொல்வதுதான் அவர் கலை. அதில் அவருக்கு நிகரானவர் அரிது.

முதல் நூலில் வெண்ணெய் எடுக்கும் பகுதியைப் பாருங்கள். குளிர்காலத்தில் பாலேடு வெளுத்திருக்கும். லாராவின் அம்மாவுக்கு வெண்ணெய் மஞ்சளாக இருக்கவேண்டும். ஆணியால் துளையிட்ட தகரத்தின் முரட்டுப் பக்கத்தில் கேரட்டைத் துருவி, பாலில் காய்ச்சி, துணியில் பிழிந்து அந்த மஞ்சள் பாலைப் பாலேட்டில் விடுகிறாள். பிறகு கடைகிறாள். வெண்ணெய் திரண்டதும் கழுவி, உப்பிட்டு, மர அச்சில் அழுத்துகிறாள். அதை வாசித்து முடித்த குழந்தை அடுத்த நாளே வெண்ணெய் கடைந்துவிடும். இதைவிட நுட்பமானது ‘தி லாங் விண்டர்’ நூலில் வரும் விளக்கு. 1880–81 குளிர்காலம், பனிப்புயல் ரயில் பாதையை மூடிவிட்டது, ஊரில் மண்ணெண்ணெய் இல்லை. அம்மா ஒரு பொத்தானைத் துணித்துண்டின் நடுவில் வைத்து, துணியை மேலே சேர்த்து நூலால் இறுகக் கட்டி, முனைகளை முறுக்கித் திரியாக்கி, வண்டி மசகைத் தடவி, மசகு நிறைந்த தட்டில் நிறுத்துகிறாள். பற்றவைத்ததும் சின்னச் சுடர் எழுகிறது. வறுமை என்றோ நம்பிக்கை என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. இது வெறும் செய்முறைக் குறிப்புதானே என்று கேட்கலாம். செய்முறைக் குறிப்பு யாருக்கும் எந்த நாளிலும் பொருந்தும்; இந்த விளக்கு அந்த இருட்டுக்கும் அந்தத் தட்டுப்பாட்டுக்கும் மட்டுமே உரியது. அதே நூலில் வைக்கோலைக் கட்டையாக முறுக்கி விறகாக எரிப்பதும், காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு ஆலையில் நாள் முழுக்கக் கோதுமை அரைப்பதும் திரும்பத் திரும்ப வருகின்றன. அலுக்கும்வரை வருகின்றன, அந்த அலுப்புதான் பசியை வாசகர் உடம்புக்கு எட்டச் செய்கிறது.

இந்தக் கலையை அவர் எங்கே கற்றார்? 1879-ல் அக்கா மேரிக்குப் பார்வை போயிற்று. கண்டதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக் காட்டும் பொறுப்பு லாராவுக்கு வந்தது. பார்வையற்றவருக்குச் சொல்லும்போது வரிசை குலைந்தால் காட்சியே குலைந்துவிடும். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கும் பள்ளியிலும் எல்லாருக்கும் விளங்கும் சொல்லைத்தான் தேட வேண்டியிருக்கும். கோழி வளர்ப்பில் அவருக்கிருந்த கைத்தேர்ச்சி வழியாக 1911-ல் ‘மிசௌரி ரூரலிஸ்ட்’ என்ற விவசாயப் பத்திரிகையில் எழுத வந்தார். அதன் வாசகிகள் வேலை தெரிந்த பண்ணைப் பெண்கள். தப்பாக எழுதினால் உடனே பிடித்துவிடுவார்கள். புகழுக்கு முந்தைய இந்த நீண்ட பயிற்சியைக் கணக்கில் சேர்க்காமல் அவர் உரைநடையின் எளிமையை இயல்பான வரம் என்று சொல்வது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

நூல்களை உண்மையில் எழுதியவர் மகள் ரோஸ் வைல்டர் லேன்தான் என்று 1993-ல் வில்லியம் ஹோல்ட்ஸ் வாதிட்டார். ரோஸ் அப்போதே பெயர் பெற்ற எழுத்தாளர்; அம்மாவின் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து, வெட்டி, காட்சிகளாக அடுக்கியவர். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் லாரா 1930-ல் பென்சிலால் எழுதிய தன்வரலாறு ‘பயனியர் கேர்ள்’ 2014-ல் அச்சேறியபின், விஷயமும் வேலையறிவும் யாருடையவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மகளின் கை படாமல் 1971-ல் வெளியான ‘தி ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்’ மெலிந்து நிற்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காட்சியின் கட்டுக்கோப்பு பெருமளவு ரோஸுடையது. மறுபக்கம், இதே குடும்பக் கதையை எடுத்து ரோஸ் தம் பெயரில் எழுதிய ‘லெட் தி ஹரிகேன் ரோர்’ நாவலில் வீரம் உரக்கப் பேசுகிறது, வேலை பின்னுக்குப் போகிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் அம்மாவின் கை எது என்பது பிடிபடும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அதை அவ்வளவு எளிதில் கடந்துவிட முடியாது. கன்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் வீடு கட்டியது ஓசேஜ் பூர்வகுடி மக்களின் நிலத்தில். அங்கே மனிதரே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில், அந்த வாழ்க்கையைச் சொல்லும் நூலின் 1935 பதிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு வாசகரின் கடிதத்துக்குப் பின் 1953 பதிப்பில் திருத்தப்பட்டது. லாரா பெயரிலிருந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை 2018-ல் அமெரிக்க நூலகர்கள் மாற்றினார்கள். அது சரியான முடிவு. அப்பா மரமுளைகளும் தோல் கீல்களும் வைத்துக் கதவு செய்யும் பக்கங்கள் அதே நூலில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முளையையும் பார்த்த கண், அந்தக் கதவு யார் மண்ணில் நிற்கிறது என்பதைப் பார்க்கவில்லை. அவர் எழுத்தின் கூர்மையே இந்தக் குருட்டிடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. அழகை மட்டும் எடுத்துக்கொண்டு இதை மறைப்பது ரசனை ஆகாது. இதற்காக அந்தக் கதவின் வேலைப்பாட்டை இல்லை என்பதும் ஆகாது.

எதை விடவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ‘தி லாங் விண்டர்’ சொல்லும் அந்தக் கொடுங்குளிரில் இங்கல்ஸ் வீட்டில் இன்னொரு இளம் தம்பதியும் தங்கியிருந்தார்கள் என்பது தன்வரலாற்றில் இருக்கிறது. நாவலில் அவர்கள் இல்லை. குடும்பம் தனித்து நின்றால்தான் பொத்தான் விளக்கின் சுடர் அவ்வளவு சிறியதாகத் தெரியும். வரலாறாகப் பார்த்தால் குறை. கதையாகப் பார்த்தால் தேர்ந்த முடிவு. அவர் 1957 பிப்ரவரி 10 அன்று, 90 வயது நிறைந்த மூன்றாம் நாள், மேன்ஸ்ஃபீல்டு பண்ணை வீட்டில் காலமானார். புதிதாக வாசிக்க வருகிறவர்கள் தொடரின் முதல் நூலுக்குப் பதிலாக ‘தி லாங் விண்டர்’ நூலில் தொடங்குங்கள். கோதுமை அரைக்கும் பக்கங்களை வீட்டில் யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.