தூக்க நாலு பேர்

ப்ரியா கிருஷ்ணஸ்வாமியின் 'பாரம்', 2018-ன் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. 2020-ல் தியேட்டருக்கு வந்து சத்தமில்லாமல் போய்விட்டது.

இரவுக் காவலாளி கருப்பசாமிக்கு விபத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். மகன் கேட்காமல் கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கே காத்திருப்பது தலைக்கூத்தல்: எண்ணெய்க் குளியல், இளநீர், மரணம்.

யாரும் நடிப்பதாகவே தெரியவில்லை. டாகுமென்டரியோ என்று சந்தேகம் வருகிறது. ஒரு குறை: படம் முடிந்ததும் மகனைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்துவிடலாம். அவன் மனசுக்குள் போட்ட கணக்கைப் படம் முழுசாகப் போடவில்லை. ஆபரேஷன் இலவசமாகவே நடந்தாலும், அப்புறம்? ராத்திரி பாத்ரூமுக்கு யார் பிடித்துக்கொண்டு போவது? படுக்கைப்புண் வராமல் யார் புரட்டிப் போடுவது? அத்தனை நாள் கூலியை யார் தருவது?

சென்னை ஜி.ஹெச்.சில் 1978-லேயே முதியோர் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையே வந்துவிட்டது. சந்தோஷம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு உண்டு. வீட்டுக் கயிற்றுக்கட்டிலுக்குக் கிடையாது. டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டோடு, 'பெரியவரை இப்படித் தூக்கணும்ப்பா' என்று மகனுக்கு அரைமணி நேரம் செய்துகாட்ட எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு நர்ஸ் வேண்டும். பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கவும் ஆள் வேண்டும்.

கொலைக்கு இது சமாதானம் இல்லைதான். ஆனால், செத்தால் தூக்க நாலு பேர் வந்துவிடுகிறார்கள். உயிரோடு தூக்கத்தான் ஆள் இல்லை.