நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

இந்திய மரச்சாமான் வடிவமைப்பின் கதையைச் சண்டிகரிலோ அகமதாபாத்திலோ தொடங்குவது வழக்கம். புதுச்சேரியில் தொடங்குவதே சரி என்பது என் கட்சி. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையாக, கட்டடக் கலைஞர் அண்டோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1937-ல் வந்து சேர்ந்தார் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். கட்டடத்தை மேற்பார்க்க வந்தவர், அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் வரைந்தார். சுந்தரானந்தா என்று அரவிந்தர் பெயர் சூட்டும் அளவுக்கு ஆசிரமத்தில் ஒன்றிப் போனார்.

உலகப் போரின்போது ஜப்பானிய வம்சத்தாரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த மினிடோகா முகாமில், கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானியத் தச்சு முறையைப் பயின்றார். பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். மற்றவர்கள் கழித்துக்கட்டும் வெடித்த பலகையை அவர் மேசையாக்கினார். வெடிப்பு மேலும் விரியாதிருக்க, குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்தார். இன்று எத்தனையோ கடைகளில் வெடிப்பே இல்லாத பலகையிலும் அந்தப் பூச்சி அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது. மரபிலிருந்து எடுப்பதற்கும் மரபை ஒட்டவைப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

சண்டிகர் வேறு வழியில் போனது. புதிதாக எழும் ஒரு தலைநகரின் அலுவலகங்கள், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டியிருந்தது. 1950-களில் பியர் ஜீன்னரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் தேக்கு, பிரம்பு, கவராயம் விரித்ததுபோன்ற கால்கள் என்று எளிதாக வரைந்தார்கள். செய்தவை உள்ளூர்ப் பட்டறைகள். பட்டறைக்குப் பட்டறை கை மாறியதால், ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு நாற்காலிகள்கூட அச்சாக ஒன்றுபோல் இருக்காது. என் கண்ணில் அதுதான் அவற்றின் அழகு. காலப்போக்கில் இவை மொட்டைமாடிகளில் குவிந்து பழைய சாமானாக ஏலம் போயின. முதுகில் அலுவலகக் குறியெழுத்து அழியாமலே பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் பெருவிலைக்கு விற்றன. மத்திய உள்துறை விழித்துக்கொண்டு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது 2011-ல்தான். வாங்கியவர்கள் ஜீன்னரேயின் பெயரைக் கேட்டு வாங்கினார்கள். ஆசாரியின் பெயரை யார் கேட்டார்கள்?

பெங்களூரின் பேண்டம் ஹேண்ட்ஸ் பட்டறை இன்று அந்த நாற்காலிகளைக் கைப்பின்னலோடு மறுபடி செய்கிறது. பின்னல் எப்படிப்பட்டது என்று அறிய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கும். நனைத்த பிரம்புப் பட்டையை நெடுக்கில் இரண்டு ஓட்டம், குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று இழுப்பார்கள்; ஆறாவது ஓட்டத்தில் எண்கோணக் கண்கள் திறக்கும். காயக் காயப் பிரம்பு இறுகி, தட்டினால் தவில்போல் விறைப்பாக இருக்கும். துளையே இல்லாமல் சட்டத்தில் ஒரு காடி மட்டும் ஓடினால், சுருளாக வாங்கிய பின்னலை வெட்டிப் பசை தடவிச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலைச்சீட்டில் இரண்டுமே ‘ஹேண்ட்மேட்’தான்.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் பிறந்தது. அதற்கு வித்திட்ட 1958-ஆம் ஆண்டு அறிக்கையில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நம் செம்பைத்தான் பெரிதும் வியந்தார்கள். தனியொருவர் வரையாமல் தலைமுறைகள் சேர்ந்து வடித்த பொருள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை மலையேறிச் சோதித்தவர் அங்கே ஆசிரியராயிருந்த எம்.பி. ரஞ்சன். வடகிழக்கின் கூடைகளையும் முடிச்சுகளையும் ஊர் ஊராகப் போய் வரைந்து, நீலம் ஐயர், கன்ஷியாம் பாண்டியாவோடு 1986-ல் அவர் வெளியிட்ட மூங்கில், பிரம்புக் கைவினை நூலுக்கு இணையாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

இப்போதைய தலைமுறையில் டெல்லியின் குஞ்சன் குப்தா அதிகம் பேசப்படுகிறார். மரத்தின்மேல் வெள்ளித் தகடு போர்த்தும் அரண்மனை வேலையை எடுத்தார். சைக்கிளில் மூட்டை கட்டிப்போகும் வியாபாரியைச் சிம்மாசனமாக்கினார். குறும்பு ரசிக்கத்தக்கது. ஆனால் அதில் உட்காருவதைவிட அதைப் பற்றிப் பேசுவது சுகம்.

என் ஓட்டு, அகமதாபாத்தில் படித்த சந்தீப் சங்காருவுக்கு. திரிபுராவின் மெல்லிய கெட்டி மூங்கிலை முக்கோணங்களாகக் கட்டி, பாலத்தின் சட்டம்போல எடை தாங்கவைக்கிறார். பழைய கூடை வடிவம் எதுவும் அதில் தெரியாது. மூங்கிலைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்யவும் முடியாது. கழிக்குக் கழி கனமும் வளைவும் மாறும். எது எங்கே பொருந்தும் என்று வரைபடம் சொல்லாது, கையில் எடுத்துப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.